காணிக்கை உறையில் எழுதும் காரணம்

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளத்தில் ஊருக்குப் போன் கிடைக்காமல் சென்னையில் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒருவழியாக அப்பாவின் குரல் வந்தது. "வீட்டுக்குள்ள தண்ணி வரலம்மா. வாசப்படியோட நின்னுட்டு." என் வாயிலிருந்து முதலில் வந்தது, "ஸ்தோத்திரம்." அடுத்து அப்பா சொன்னது, "கீழத்தெரு மொத்தமும் போச்சு." அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அந்த முதல் வார்த்தைக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நொடி இன்றுவரை என்னை விடவில்லை. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும், போன வருடத்தை உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிற நேரத்தில், அது வந்து முன்னால் நிற்கிறது. அந்த ஸ்தோத்திரம் எதற்கு? அது நன்றியா, தப்பித்தோம் என்கிற மூச்சா?

17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை மீறியது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எங்கள் ஊர் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மேட்டுத்தெரு தப்பியது, கீழத்தெருவில் ஆள் கழுத்துக்குத் தண்ணீர். பொங்கலுக்கு வெட்டலாம் என்று குலை தள்ளி நின்ற வாழையெல்லாம் சேற்றோடு படுத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க மெத்தை, பாய், பள்ளிக்கூடப் புத்தகம், வேதாகமம் என்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் குச்சி கொடுத்து, வேதாகமத்தைக் காய வைத்திருந்தார்கள்.

அந்த வருடக் கடைசி ஆராதனையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் நோட்டுகள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் 31 ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும். பதினொரு மணிக்கு மேல் மணி அடிக்கும். பழைய வருடம் கோயிலுக்குள் இருக்கும்போதே முடிய வேண்டும், புது வருடம் கோயிலுக்குள் இருக்கும்போதே பிறக்க வேண்டும். அந்த வருடம் சபையில் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம், எத்தனை அடக்கம் என்று ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வாசிப்பார். பிறகு ஸ்தோத்திரக் காணிக்கை. பழுப்பு நிற உறையில் பெயர், தொகை, காரணம் மூன்றையும் எழுதிப் போட வேண்டும். மூன்றையும் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். மொத்த வருடத்துக்கான நன்றியை ஒரு வரிக்குள் அடக்க வேண்டும் என்பதால், அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தபடி யோசிக்கிற பெரியவர்களைச் சிறுவயதில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். தியானம், ஆத்தும சோதனை என்றெல்லாம் பெரிய பெயர் வைக்கிறோம். எங்கள் ஊரில் அது ஒரு காணிக்கை உறையின் மேல்தான் நடக்கும்.

அப்பா நெடுங்காலம் சபையின் பொருளாளர். உறையில் உள்ளதை அப்படியே ஒரு நீள நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து கோணிப்போகிறது என்று அந்த வருடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எழுதுகிற முறை தெரிய வேண்டுமே என்று பரணிலிருந்த பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். பார்க்கத் தொடங்கியவள் விடியும்வரை படித்துக்கொண்டிருந்தேன். மகன் பிளஸ் டூ தேறியதற்காக. துபாயிலிருந்து மருமகன் சுகமாய் வந்து சேர்ந்ததற்காக. கிணற்றில் ஊற்றுக் கண்டதற்காக. பேறுகாலத்தில் தாயையும் பிள்ளையையும் காத்ததற்காக. வழக்கு நல்லபடியாக முடிந்ததற்காக. பைக்கிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியதற்காக. பெயர் சொல்ல விரும்பாத சகோதரி, ரூ.20, மனச் சமாதானத்துக்காக. ஒரு ஊரின் கவலைகளெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. காணிக்கைத் தொகையைவிட அந்தக் காரணங்களுக்காகத்தான் அப்பா அந்த நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது.

படிக்கப் படிக்க இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நோட்டுகளில் மனிதர்களே இல்லை. பேறுகாலத்தில் தாயையும் பிள்ளையையும் காத்த நர்ஸ் இல்லை. பிளஸ் டூ தேறுவதற்காகச் சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லிக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இல்லை. பைக்கிலிருந்து விழுந்தவனை யாரோ தூக்கி ஆட்டோவில் ஏற்றித்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள்? அவர் இல்லை. எல்லாம் கடவுள் செய்தது என்று எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் விசுவாசிதான். ஆனால் கடவுள் யார் கையால் செய்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த நோட்டு எவ்வளவு நிறைந்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இப்போது 2023 உறைகள். மேட்டுத்தெருவிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே காரணம்: "வெள்ளத்தில் எங்கள் வீட்டைப் பாதுகாத்ததற்காக." ஐயர் இளவயதுக்காரர், அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். உறைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த வருஷம் காரணத்தை வாசிக்கட்டுமா ஐயா? வெறும் பேரையும் தொகையையும் மட்டும் சொல்லிரலாமா?" அவர் ஏன் கேட்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீடு தப்பியவர்கள் வலது பக்கமும் வீடு போனவர்கள் இடது பக்கமுமா பிரிந்து உட்காருவார்கள்? ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாசிங்க. அவங்க எழுதினதை நாம மறைக்கக் கூடாது" என்றார்.

ஆயக்காரனைப்போல இராததனால்

வேதாகமத்தில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போகிற இரண்டு பேரின் உவமை வருகிறது. ஒருவன் பரிசேயன், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவன். மற்றவன் ஆயக்காரன், வரி வசூலிப்பவன், பாவி என்று ஊரார் ஒதுக்கியவன். ஞாயிறு பள்ளியிலேயே அதைப் பெருமைக்கு எதிரான பாடமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி அதைத் திரும்பப் படித்தபோது, பரிசேயன் செய்வது நன்றி செலுத்துவதுதான் என்பது முதல்முறையாக உறைத்தது. "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். அவன் கேட்பது ஒன்றுமில்லை, குறை சொல்வதும் ஒன்றுமில்லை. முழுக்க முழுக்க ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஸ்தோத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு மனிதன் தேவைப்படுகிறான். ஆயக்காரன் இல்லாவிட்டால் பரிசேயனுக்கு நன்றி சொல்லக் காரணமே கிடைத்திருக்காது.

நம் வீடுகளில் நன்றியைச் சொல்லிக் கொடுப்பதே பெரும்பாலும் இப்படித்தான். தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளையிடம், "இதுகூட இல்லாம எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" என்கிறோம். வேலையில் மனம் சலித்தவரிடம், "வேலையே இல்லாம எத்தனை பேர் அலையறான்." காலில் அடிபட்டவரிடம், "கால் இல்லாதவங்களை நினைச்சுப் பாரு." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பசித்தவனும் வேலை போனவனும் கால் இழந்தவனும் அங்கே நம் நிம்மதியை அளக்கிற கோலாக மட்டும் வந்து போகிறார்கள். அவர்கள் பசி தீர நாம் எதையும் செய்யப் போவதில்லை. நமக்குச் சோறு போட்டவருக்கும் நன்றி போய்ச் சேரவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

தப்பித்தபோது வருகிற நிம்மதியைப் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் குரலைக் கேட்டதும் எனக்கு வந்தது அதுதான்; உயிருள்ள யாருக்கும் அது வரும். ஆனால் அதற்கு நன்றி என்று பெயர் வைத்து, வருடக் கடைசியில் உறையில் போட்டு மூடிவிட்டால், உண்மையான நன்றிக்கு உரியவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. நன்றிக்குரியதை எழுதுங்கள் என்று ஒரு கூட்டத்துக்கும், எரிச்சலூட்டியதை எழுதுங்கள் என்று இன்னொரு கூட்டத்துக்கும் சொன்னார்கள் என்பதுவரை பலருக்குத் தெரியும். அதன் ஒரு பகுதியில் மூன்றாவதாகவும் ஒரு கூட்டம் இருந்தது: மற்றவர்களைவிட நீங்கள் எந்தெந்த விதத்தில் நன்றாக இருக்கிறீர்கள் என்று எழுத வேண்டியவர்கள். நம் பரிசேயனின் கூட்டம். அந்த நாட்களில் யாருக்காவது துணையாக நின்றோம், ஆறுதல் சொன்னோம் என்று அதிகம் சொன்னவர்கள் நன்றி எழுதிய முதல் கூட்டத்தார்தான். ஒப்பிட்டுப் பார்த்து ஆறுதல் அடைந்தவனுக்கு எழுந்து போய் அடுத்தவனுக்குக் கைகொடுக்கத் தோன்றுவதில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பச்சைச் சட்டை

கீழத்தெருப் பாட்டி ஒருவர். எனக்கு உறவுமுறை இல்லை, ஆனால் ஊரே பாட்டி என்றுதான் கூப்பிடும். வெள்ளத்தில் வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது, ஆடுகள் போய்விட்டன. சுவர் விழுந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயேதான் இருந்தார். அவருடைய உறையை அடுத்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியிருந்தது, உருண்டை உருண்டையான எழுத்து. "தண்ணீரில் என்னைத் தூக்கி வந்த பையனுக்காக. பச்சைச் சட்டை. பெயர் தெரியாது. ரூ.50."

ஐயர் அதை வாசிப்பதற்கு முன் சற்று நிறுத்தினார். பிறகு எழுதியிருந்தபடியே, "பச்சைச் சட்டை, பெயர் தெரியாது" என்பது உட்பட வாசித்தார். "வீட்டைப் பாதுகாத்ததற்காக", "வீட்டைப் பாதுகாத்ததற்காக" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கோயிலில் சட்டென்று ஓர் ஆள் உள்ளே வந்து நின்றதுபோல இருந்தது. சட்டை போட்ட, கையும் காலும் உள்ள ஓர் ஆள். அப்பாவின் நோட்டுகளில் அத்தனை வருடமாக நான் தேடியது யாரை என்று அப்போது தெரிந்தது. பாட்டி யாரோடும் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. என் உயிராவது மிஞ்சியதே என்றும் எழுதவில்லை. சுவர் போனது போனதுதான், ஆடு போனது போனதுதான், அதற்காக அழுதுகொண்டும் இருந்தார். அதற்கு நடுவிலேயே, எனக்கு ஒருவன் இதைச் செய்தான் என்று தனியாகப் பிரித்து எடுத்து வைத்திருந்தார். நன்றி சொல்வதற்காகத் துக்கத்தை மறைக்க வேண்டியதில்லை என்று எந்தப் பிரசங்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கைகொடுத்துப் புதுவருட வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ பிள்ள, நீ படிச்சவ. அந்தப் பையன் எந்த ஊருன்னு விசாரிச்சுச் சொல்லு. தூக்கிட்டு வந்து பள்ளிக்கூடத்து மாடியில விட்டுட்டு, 'பாட்டி, மருந்து மாத்திரை ஏதும் எடுக்கணுமா'ன்னு கேட்டான். நான் வாயத் தொறக்கல, அழுகதான் வந்திச்சி. அவனாவே திரும்பப் போயி அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்தான்." மாத்திரை, ரேஷன் கார்டு, செத்துப்போன தாத்தாவின் போட்டோ எல்லாம் அந்த டப்பாவில்தான் இருந்தன. மாத்திரை அதில்தான் இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் பாட்டிக்குத் தீராத ஆச்சரியம். "அவன் வீட்டுலயும் ஒரு கெழவி இருப்பா" என்று பாட்டியே ஒரு விடையும் வைத்திருந்தார்.

தேடிப் போனோம்

அந்த நாட்களில் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மூழ்கிக் கிடந்த ஊர்களில் ஆட்களை மீட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்தது எந்த ஊர்ப் படகு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒத்துவந்த தகவலை வைத்துக்கொண்டு, பொங்கல் கழிந்து ஒரு நாள் பாட்டியும் நானும் ஆட்டோ பிடித்துப் போனோம். முந்தின நாள் மாட்டுப்பொங்கல். எதிர்வீட்டுக்காரர் வெள்ளத்தில் தப்பிய பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கலை அதன் வாயிலேயே ஊட்டியதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாலைக் கொடுத்த மாட்டுக்கே நேரில் போய்ச் செய்கிற நன்றி. எவ்வளவு நேரான காரியம்! பாட்டியும் வெறுங்கையோடு வரவில்லை. ஓலைக்கொட்டானில் உடன்குடிக் கருப்பட்டி வைத்திருந்தார்.

ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு படகுக்காரரிடம் விவரம் சொன்னோம். எங்கள் ஊருக்கு வந்த படகுகளில் ஒன்று அவருடையதுதான். ஆனால் பச்சைச் சட்டையை அவருக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு எங்க பசங்க பாதிப் பேர் சட்டையே போடல பாட்டி. உங்க பக்கத்து ஊர்ப் பசங்களும் கூட வந்து ஏறிக்கிட்டாங்க. அவங்கள்ல யாராவது இருக்கும்." பாட்டி விடவில்லை. உயரம், நிறம், பேச்சு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அங்கே இன்னொரு விஷயம் நடந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: தெருவுக்குள் படகை ஓட்டியபோது தண்ணீருக்கடியில் இருந்த காம்பவுண்டுச் சுவரில் மோதி இன்ஜினின் விசிறி உடைந்துவிட்டது. சேறு ஏறி இன்ஜினையும் இறக்கி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கக் கடலுக்குப் போகவில்லை. அதற்கு வாங்கின கடன் இன்னும் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, மழை எவ்வளவு பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து கேளு, இந்தப் பாட்டி என்ன சொல்லுதாங்கன்னு." அந்த அம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். பாட்டி முதலிலிருந்து முழுக்கதையையும் சொன்னார், பிஸ்கட் டப்பா வரைக்கும். கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, "இதையெல்லாம் நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்த காசுதான் அந்த இன்ஜினுக்குப் போயிருக்கிறது. வெள்ளத்திலிருந்து அன்றுவரை அந்த வீட்டில் அதுதான் சண்டையாம். பாட்டி கருப்பட்டிக் கொட்டானை அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். "அவனைப் பாத்தா அவன்ட்ட ரெண்டு குடு தாயி. மத்தது உன் பிள்ளைகளுக்கு."

எங்கள் ஊர்க்காரர்கள் உயிர் பிழைத்ததற்கு ஒரு விலை இருந்திருக்கிறது. யாரோ பிள்ளைகள் பண்டிகைக்குப் புதுத்துணி இல்லாமல் இருந்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எத்தனை நோட்டு எழுதினாலும் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது. பாட்டி தேடிப் போனதால் தெரிந்தது. நமக்கு என்ன கிடைத்தது என்பது நமக்கே தெரியும். கொடுத்தவருக்கு அதனால் என்ன போயிற்று என்பது அவர் வீட்டு வாசலில்தான் தெரியும். நன்றியின் பாதி அந்த இரண்டாவது விஷயத்தில் இருக்கிறது என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

திரும்பி வந்ததும் ஐயரிடம் சொன்னோம். வரும் வருடத்திலிருந்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகிற காய்கறி, தேங்காய், கோழிப் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கடற்கரை ஊருக்கு அனுப்பலாமா என்று அப்பா சபைக் கமிட்டியில் பேசினார். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் நம் கோயில் சுவருக்கே இன்னும் வர்ணம் அடிக்கவில்லையே என்றார்கள். ஒரு வருடம் அனுப்பினார்கள், பிறகு நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கடன் அடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பத்தி

அதற்குப் பிறகு என் வருடக் கடைசி மாறிவிட்டது. முன்பெல்லாம் டிசம்பர் கடைசி வாரத்தில் டைரியின் பின்பக்கத்தில், இந்த வருடம் கிடைத்த நல்லவை என்று வரிசையாக எழுதுவேன். எழுதி முடித்ததும் மனம் லேசாகும். ஜனவரி முதல் வாரத்தில் மறந்தும்போகும். இப்போது ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். யார், என்ன செய்தார், அதனால் அவருக்கு என்ன போயிற்று. முதல் இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்றாவது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும், ஏனென்றால் எனக்குத் தெரியாது. அதை நிரப்ப வேண்டுமென்றால் எழுந்து போய்ப் பேச வேண்டும்.

ஓர் உதாரணம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, கல்லூரியில் என் தேர்வு மேற்பார்வை வேலைகளை உடன் வேலைபார்க்கும் ஒரு தோழி எடுத்துக்கொண்டார். அப்போதே போனில் தேங்க்ஸ் சொல்லியாயிற்று, ஊரிலிருந்து அல்வாவும் வாங்கி வந்து கொடுத்தாயிற்று. கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வருடக் கடைசியில் அந்த மூன்றாவது பத்தி காலியாக இருந்ததால், ஒரு நாள் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். "அந்த வாரம் உங்களுக்கு என்ன வேலை இருந்துச்சு? எதை விட்டுட்டு வந்தீங்க?" முதலில் ஒன்றுமில்லை என்றார். விடாமல் கேட்டதும் சொன்னார்: அந்த நாட்களில் ஒன்றில்தான் அவர் மகளின் பள்ளி ஆண்டு விழா. மேடையில் ஆடிய பிள்ளை அம்மாவைத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லையாம். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம், உங்க அம்மா அன்னைக்கு எங்க அம்மாவுக்காகத்தான் வரமுடியல என்று சொன்னேன். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க அம்மாக்கு இப்ப சரியாயிட்டா?" என்று கேட்டது. சரியாகிவிட்டது என்றேன். உடனே உள்ளே ஓடிப்போய் ஆண்டு விழா போட்டோவை எடுத்துவந்து காட்டியது.

மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2005இல் இதுபோன்ற ஒன்றைச் செய்துபார்த்தார்கள். நமக்கு நல்லது செய்தும் நாம் ஒருபோதும் சரியாக நன்றி சொல்லியிராத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை ஒரு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செய்தவர்களின் மகிழ்ச்சி சட்டென்று உயர்ந்தது, ஒரு மாதம் வரை நின்றது, மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் போய்விடுகிறதே என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு அளந்தது கடிதம் கொடுத்தவரின் மகிழ்ச்சியை. வாங்கியவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று அங்கே யாரும் அளக்கவில்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குபவருக்கு இது சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். அவருக்கு வரப்போகிற வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைத்தே கணக்கிடுகிறார்கள் என்று கண்டார்கள். படகுக்காரரின் மனைவியை நேரில் பார்த்தவளுக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை.

சித்தப்பா

எல்லாப் பெயரும் இவ்வளவு எளிதாக இருந்துவிடுவதில்லை. என் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் வருகிற ஒரு பெயர் சித்தப்பாவுடையது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பாவிடம் பணமில்லை. ஹாஸ்டல் பீஸைக் கட்டியது சித்தப்பா. அது இல்லாவிட்டால் நான் இன்று பார்க்கிற வேலை இல்லை, இந்த வாழ்க்கையே இல்லை. சில வருடங்கள் கழித்துத் தாத்தாவின் வயலைப் பிரிப்பதில் தகராறு வந்தது. அவர் அப்பாவைப் பேசிய பேச்சை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

"கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்" என்கிறது குறள். கொன்றதுபோன்ற துன்பத்தைச் செய்தாலும், முன்பு செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் துன்பம் இல்லாமல் போகும் என்கிறார் வள்ளுவர். நான் அதை ஆசையோடு பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். எனக்குக் கெடவில்லை. ஹாஸ்டல் பீஸை நினைக்கும்போது மனம் இளகுகிறது. அப்பா சாப்பிடாமல் படுத்திருந்ததை நினைக்கும்போது அதே மனம் இறுகுகிறது. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இரண்டும் நடந்தவை, இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். வள்ளுவர் சொன்ன அளவுக்கு நான் வளரவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் துன்பம் கெட்டால்தான் நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் நான் சாகும்வரை சொல்லப் போவதில்லை என்பது மட்டும் தெரிகிறது. சுவர் விழுந்த வீட்டிலிருந்துகொண்டே பச்சைச் சட்டைக்கு ஐம்பது ரூபாய் எடுத்து வைத்தாரே பாட்டி, அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

போன வருடம் இதைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பத்தியில் எழுத வேண்டியது தானாக வந்தது. "உங்க சித்தப்பாட்ட அப்ப ஏது காசு? உங்க சித்தி சங்கிலியைத்தான் அடகு வச்சாரு. திருப்ப முடியல. மூழ்கிப்போச்சு." எனக்கு இது அதுவரை தெரியாது. கல்யாணத்துக்குச் சித்தியின் வீட்டில் போட்டனுப்பின சங்கிலி. அதைக் கழற்றிக் கொடுத்தபோது சித்தி என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா, சும்மா கழற்றிக் கொடுத்தாரா, யாருக்கும் தெரியாது. வயல் தகராறு நடந்த அன்றும் அவர் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இத்தனை வருடமாக நன்றியையும் கோபத்தையும் சித்தப்பாவின் பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கொடுத்தவர் பெயர் என் பட்டியலில் வரவே இல்லை.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகும்போது சித்தியைப் பார்க்கப் போகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போறதுன்னா போ. நான் வரல. வயலைப் பத்திப் பேச்சு வந்தா எந்திரிச்சு வந்துரு" என்றார். சங்கிலியைத் திருப்பித் தருவதுபோல எதையும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அது கணக்குத் தீர்ப்பதுபோல ஆகிவிடுமாம். அம்மா சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. சித்தப்பா வீட்டில் இருக்கிற நேரத்தில் போவதா, இல்லாத நேரத்தில் போவதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் இருக்கும்போதே போ, அவர் காதிலும் விழட்டும் என்கிறாள் அம்மா.